பத்தாப்பு இங்கிலீஷ்: வீட்டுப்பாடமும் டெஸ்ட்டும் தேங்கிப் போச்சு, எங்கிருந்து பிடிக்கிறது?

மேலூர்க்காரன்

பையன் பத்தாப்பு, தமிழ் மீடியம். காலாண்டு நெருங்குது. இங்கிலீஷ் நோட்டுல ரெண்டு யூனிட் எழுதாமக் கிடக்கு. கிளாஸ் டெஸ்ட் பேப்பர் பாதி பைக்குள்ளயே கசங்கிக் கிடக்கு. கணக்கு, அறிவியல் போக இங்கிலீஷுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். எந்த வரிசையில பிடிச்சா மேலே வரலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. "தினமும் படிக்கச் சொல்லுங்க"ங்கிற பதில் மட்டும் வேண்டாம், அதை வீட்டுல எல்லாருமே சொல்லியாச்சு.

சிவப்பு மை

முதலில் வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள் ஐயா. தேங்கிக் கிடப்பது உண்மையில் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2.

பாடம் தெரியாமல் எழுத முடியாதவை: பொருள், எதிர்ச்சொல் 6, உரைநடை சிறுவினா 6, செய்யுள் சிறுவினா 6, உரைநடைப் பத்தி 10, செய்யுள் பத்தி 10, துணைப்பாடம் 5, துணைப்பாடத்திலேயே எட்டு மதிப்பெண் வினா ஒன்று 8, மனப்பாடச் செய்யுள் 5. கூட்டினால் 56.

மீதி 44. ஒரு மதிப்பெண் இலக்கணம் 8, 23 முதல் 27 வரை இலக்கணம் 6, வரைபடம் பார்த்து வழி சொல்லும் ரோடு மேப் 2, லெட்டர், நோட்டீஸ், விளம்பரம், பிழை திருத்தம் எல்லாம் சேர்ந்து 20, கடைசியில் பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது 8. இந்த 44-இல் விட்டுப்போன பாடம் என்று ஒன்று கிடையாது. ஜூனில் வராதவனும் இன்று ராத்திரி தொடங்கலாம்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை மூன்றாக உடையுங்கள். முதல் 25 நிமிடம் இன்று வகுப்பில் நடந்ததற்கு. அடுத்த 20 நிமிடம் பழைய பாக்கியில் ஒன்றே ஒன்றுக்கு. கடைசி 15 நிமிடம் அந்த 44-இல் ஏதாவது ஒரு வகை. வரிசையை மாற்ற வேண்டாம். பாக்கியை முதலில் எடுத்தால் இன்றைய பாடம் நாளைக்குப் பாக்கியாகிவிடும். பிறகு வருஷம் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உசிலை டியூஷன்

டீச்சர் சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கிறேன். பாக்கியை முடிக்கிறதுன்னா ஃபிரெண்டு நோட்டை வாங்கி ராவோட ராவா பாத்து எழுதுறது இல்ல. நோட்டு ரொம்பிரும், டீச்சர் கையெழுத்தும் விழுந்துரும், ஆனா ஒரு வரி மண்டையில ஏறியிருக்காது. பாத்து எழுதும்போது கண்ணுல இருந்து நேரா கைக்குப் போயிருது.

ஒவ்வொரு கேள்விக்கும் இப்படிப் பண்ணச் சொல்லுங்க. பதிலை ரெண்டு தடவை வாசி. புக்கை மூடு. ரஃப் நோட்டுல எழுது. திற. ஒப்பிட்டுப் பாத்து, விட்டதையும் தப்பையும் சிவப்புல குறி. அதுக்கப்புறம்தான் நல்ல நோட்டு. ரெண்டு மார்க் கேள்விக்கு இது ஏழெட்டு நிமிஷம் பிடிக்கும், 20 நிமிஷத்துல ரெண்டு மூணு கேள்விதான் நகரும். போதும். அரைகுறையா பத்து எழுதுறதை விட இது மேலு.

பத்தாப்பு பி செக்‌ஷன்

சார் பழைய பாடம் காலாண்டோட முடிஞ்சிரும்ல? அதுக்கப்புறம் அரையாண்டுக்குப் புதுப் பாடம்தான? அப்ப விட்டதை விட்டுட்டுப் புதுசை மட்டும் படிச்சா என்ன?

சிவப்பு மை

முடியாது தம்பி. இடைப்பருவத்தில் வந்த யூனிட் காலாண்டில் திரும்ப வரும், அரையாண்டில் வரும், ஜனவரி, பிப்ரவரி திருப்புதல் தேர்வுகளில் வரும், பொதுத்தேர்வு மொத்தப் புத்தகத்துக்கும். இன்று விடும் ஒரு பாடம் அத்தனை தேர்விலும் உன்னை மார்க் கேட்கும்.

டெஸ்ட்டுக்கு வராமல் போனால் வினாத்தாளை மட்டும் யாரிடமாவது வாங்கி, அதே நேரக் கணக்கில் வீட்டில் எழுது. மறுநாள் டீச்சரிடம் "மார்க் போட வேண்டாம் மிஸ், திருத்தி மட்டும் குடுங்க" என்று கேள். மாட்டேன் என்று சொல்லும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வாடிப்பட்டி அக்கா

திருத்தி வந்த பேப்பரை என்ன செய்யணும்னு யாரும் சொல்லலையே! மார்க்கைப் பாத்துட்டு மடிச்சு வச்சா அந்த டெஸ்ட் எழுதினதே வேஸ்ட்.

நோட்டோட கடைசிப் பக்கங்களைத் தப்புக்குன்னு ஒதுக்கிருங்க. குறுக்கே மூணு பத்தி: நான் எழுதினது, சரியானது, ஏன். ஒரு உதாரணம். முதல் பாடம், பறக்கப் பயப்படுற கடற்பறவைக் குஞ்சு கதை. பிள்ளைகள் எழுதுற வாக்கியம்: "தி மதர் வாஸ் டேக் எ ஃபிஷ்." சரியானது: "தி மதர் டுக் எ ஃபிஷ்." ஏன்னு கேட்டா, நடந்து முடிஞ்சதுக்கு அடையாளம் "வாஸ்"தான்னு நினைச்சு, எந்த வினைச்சொல் வந்தாலும் முன்னாடி அதை ஒட்டிர்றாங்க. "வாஸ் கோ", "வாஸ் சீ", "வாஸ் கிவ்" எல்லாமே ஒரே நோய்தான். இதை "ஸ்பெல்லிங் மிஸ்டேக்"னு எழுதி வச்சா குணமாகாது. மூணாவது பத்தியில "வாஸ் வந்தா பின்னாடி இங் வரணும், இல்லாட்டி வாஸ் வேண்டாம்"னு அவனே எழுதணும். செயப்பாட்டு வினையில "வாஸ் டேக்கன்" வரும், அதைத் தனி வரியா எழுதிக்கலாம்.

அப்புறம் டேக், டுக், டேக்கன் மாதிரி மூணு வடிவமும் மாறுற வினைச்சொற்கள். பாடத்துல அடிக்கடி வர்றதை மட்டும் பொறுக்கினா ஒரு நாற்பது தேறும். நாளுக்கு நாலு வீதம் பத்து நாள்ல முடிஞ்சிரும்.

அந்தப் பக்கத்தை ஞாயித்துக்கிழமை ஒரு தடவை, இடது பத்தியை மட்டும் தெரிய வச்சு, வலது பக்கத்தைக் கையால மறைச்சுத் திருத்தணும். மூணு வாரம் தொடர்ந்து சரியா வந்த தப்பை அடிச்சிரலாம்.

பத்தாப்பு பி செக்‌ஷன்

மனப்பாடச் செய்யுளுக்கு வழி சொல்லுங்க. தமிழ்ல எழுதி வச்சுப் படிச்சா சீக்கிரம் வருது, ஆனா மார்க் வர மாட்டேங்குது.

சிவப்பு மை

தமிழில் எழுதிப் படித்தால் ஓசை வரும், எழுத்து வராது. பரீட்சையில் ஒப்பிக்கச் சொல்லவில்லையே, எழுதத்தானே சொல்கிறார்கள்? ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துகள் ஏராளம். "நோ" என்று காதில் விழுந்ததை இரண்டு விதமாக எழுதலாம், இரண்டுக்கும் பொருள் வேறு.

உசிலை டியூஷன்

டீச்சர், மெல்லக் கற்கிற பிள்ளைக்கு வாசிக்கவே வராதப்ப தமிழ் எழுத்து ஒரு கைப்பிடி. அதை மொத்தமா பிடுங்கிரக் கூடாது. முதல் ரெண்டு நாள் தமிழ்ல வச்சுக்கிட்டு ஓசையை ஏத்தட்டும். மூணாம் நாள் அந்தத் தாளை வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கிலீஷ்ல மட்டும்.

சிவப்பு மை

அப்படியென்றால் சரி. மூன்றாம் நாள் நிஜமாகவே கிழிக்க வேண்டும், அதுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

மனப்பாடச் செய்யுள் 45-ஆவது வினா. சாய்ஸ் கிடையாது. நாளைக்கு இரண்டு வரி போதும். இரண்டு வரியைப் பார்த்து வாசி, மூடு, எழுது. தப்பான சொல்லை மட்டும் மூன்று முறை எழுது, முழு வரியையும் அல்ல. மறுநாள் பழைய இரண்டு வரியிலிருந்து தொடங்கி நான்கு வரியாக எழுது. பல பேர் நடு வரியில் மாட்டிக்கொள்வது அடுத்த வரி எந்தச் சொல்லில் தொடங்கும் என்று தெரியாமல்தான். அதற்கு ஒவ்வொரு வரியின் முதல் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாக எழுதிப் பழகுங்கள். வரியின் முதல் எழுத்து பெரிய எழுத்து, வரி முடிவில் உள்ள காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. செய்யுளின் தலைப்பும் கவிஞர் பெயரும் எழுதிப் பழகட்டும்.

சிம்மக்கல் வாசகன்

கைடு வாங்கலாமா, வேண்டாமா? இங்கே பாதிப் பேர் அதைத்தான் கேட்க நினைச்சுட்டு கேட்காம இருக்கீங்க.

வாங்கலாம், கேள்விகளைப் பார்க்க. பத்தியை அப்படியே நெட்டுரு போட வேண்டாம். கைடுல இருக்கிற பத்தி முழுக்க நீண்ட நீண்ட வாக்கியமா இருக்கும். நடுவுல ஒரு சொல் மறந்தா அதுக்கு மேல வண்டி நகராது, பேனாவைக் கடிச்சுட்டு உட்கார வேண்டியதுதான்.

இதுக்குப் பதிலா ஆறு குறிப்புச் சொல். அதே கடற்பறவைக் கதைக்கு: பாறை விளிம்பு, பயம், பசி, அம்மா காட்டின மீன், பாய்ச்சல், பறந்தது. இந்த ஆறுக்கும் சுலபமான இங்கிலீஷ் சொல்லைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் எழுவாய், வினை, செயப்படுபொருள்னு குட்டி வாக்கியம் ரெண்டு. பன்னிரண்டு வாக்கியம் ஆச்சு. முன்னாடி பாடத்தோட பேரும் ஆசிரியர் பேரும் ஒரு வரி. ஒரு குறிப்பு மறந்தாலும் அடுத்ததுக்குத் தாவிரலாம்.

உசிலை டியூஷன்

இதுல எனக்கு முழுச் சம்மதம் இல்ல. சொந்த வாக்கியம் எழுதுற அளவுக்கு இங்கிலீஷ் இருந்தா அந்தப் பிள்ளை ஏன் பின்தங்கப் போகுது? கடைசி வரிசைப் பிள்ளைக்கு ரெண்டு உரைநடை, ரெண்டு செய்யுள் பத்தியைச் சுருக்கிக் குடுத்து நெட்டுரு போடவைக்கிறதுதான் நடைமுறை. 35 தாண்டணும்ல?

சிவப்பு மை

35 தாண்டுவதுதான் குறி என்றால் பத்தியை நம்ப வேண்டாம் சார். உரைநடைப் பத்தி நான்கு கொடுத்து இரண்டு கேட்பார்கள், செய்யுளும் அப்படியே. நீங்கள் நெட்டுரு போட வைத்த இரண்டும் வரும் என்று யார் சொன்னது?

வேறு கணக்குப் பாருங்கள். மனப்பாடச் செய்யுள் 5. ரோடு மேப் 2. எழுத்துத் திறன் 20-இல் 12. கடைசிப் பத்தி வினா 8-இல் 6. ஒரு மதிப்பெண் 14-இல் 7. துணைப்பாட வாக்கியங்களை வரிசைப்படுத்துவது 5. ஆக 37. இதில் பத்தி நெட்டுருவே இல்லை. துணைப்பாடக் கதையைத் தமிழில் தெளிவாகத் தெரிந்துகொண்டு, வாக்கியத்தில் இரண்டு முக்கியச் சொல் புரிந்தால் வரிசைப்படுத்திவிடலாம். ஏழு கதையையும் வீட்டில் யாராவது தமிழில் சொல்லிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. எட்டு மதிப்பெண் துணைப்பாட வினாவான 46-இல் குறிப்புகளைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். குறிப்புகளுக்கு நடுவில் உள்ள கோடுகளை எடுத்துவிட்டு எழுவாய்க்கேற்ற வினையும் "ஏ, ஆன், தி"யும் சேர்த்தால் பத்தியாகிவிடும். குறிப்பை அப்படியே காப்பி அடித்து வைத்தால் மார்க் வராது.

உசிலை டியூஷன்

37 கணக்கு சரிதான். ஆனா எழுத்துத் திறன்ல 12 எடுக்கிறது எப்படின்னும் சொல்லிருங்க, அங்கதான் ஃபார்மட் இல்லாம மார்க்கைத் தொலைக்கிறாங்க.

வாடிப்பட்டி அக்கா

நான் சொல்றேன். 39-ல இருந்து 44 வரை ஆறு கேள்வி, நாலு எழுதணும்.

லெட்டர்: அனுப்புநர், பெறுநர், விளித்தல், பொருள், உள்ளடக்கம், முடிப்பு, இடம், தேதி, உறைமேல் முகவரி. நிறையப் பிள்ளைங்க உறையைக் கட்டம் போட்டு எழுத மறந்துர்றாங்க. சொந்தப் பேரு, ஊரு, பள்ளிக்கூடப் பேரு எங்கேயும் வரக் கூடாது. கேள்வியில குடுத்த பேரு, இல்லாட்டி மூணு எக்ஸ், மூணு ஒய். வீட்டுப்பாடத்துலயே அப்படி எழுதிப் பழகலைன்னா ஹால்ல கை தானாச் சொந்தப் பேரை எழுதிரும்.

விளம்பரம்: ஒரு கட்டம், பெரிய எழுத்துல கடைப் பேரு, துண்டு துண்டாச் சொல், தள்ளுபடி, முகவரி. முழு வாக்கியம் வேண்டாம். தீபாவளிக்கு நம்ம மதுரை விளக்குத்தூண் பக்கம் குடுக்கிற ஜவுளி நோட்டீஸ் ஒண்ணை இங்கிலீஷ்ல மாத்திப் பாக்கச் சொல்லுங்க, அமைப்பு புரிஞ்சிரும்.

பிழை திருத்தம்: அஞ்சு வாக்கியம், அஞ்சு மார்க். திரும்பத் திரும்ப வர்றது இதுகதான். "ஒன் ஆஃப் தி"க்குப் பின்னாடி பன்மை. "ஈச் ஆஃப்" வந்தா வினை ஒருமை. "ஆல்தோ" இருந்தா "பட்" கூடாது. "சீனியர்", "ஜூனியர்", "பிரிஃபர்" பின்னாடி "தேன்" இல்ல, "டு". "யுனிவர்சிட்டி"க்கு முன்னாடி "ஏ", "ஹானஸ்ட்"டுக்கு முன்னாடி "ஆன்". எழுத்தைப் பாக்காம சத்தத்தைக் கேட்கணும். "டிஸ்கஸ்" பின்னாடி "அபவுட்" வேண்டாம். வகைக்கு நாலு வாக்கியம் எழுதிப் பாத்தா ஒரு வாரத்துல கைவந்துரும்.

ரோடு மேப் 28-ஆவது வினா, சாய்ஸ் கிடையாது. இதுல போற தப்பு இடது, வலதுதான். படத்துல ஆள் கீழ்நோக்கி நடந்தா அவரோட இடது நமக்கு வலதாத் தெரியும். கேள்வித்தாளைத் திருப்பி, நடக்கிற திசை மேலே இருக்கிற மாதிரி வச்சுப் பாருங்க. பழகுறதுக்கு நம்ம ஊரை விட்டா வேற ஊரு ஏது? ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து மேல வெளி வீதியைக் கடந்து, டவுன் ஹால் ரோட்டுல நேராப் போயி, மேல மாசி வீதியைத் தாண்டி மேல கோபுரம். வீதி எல்லாம் கோயிலைச் சுத்திச் சதுரம் சதுரமா இருக்கிறதால திரும்புற இடம் ஒவ்வொண்ணும் தெளிவாச் சொல்லலாம்.

சிம்மக்கல் வாசகன்

பழைய வினாத்தாள் பத்தி ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் முன்னாடி ரெண்டு தாள். 2019-20-ல் இருந்துதான் ஒரே தாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் கொரோனாவால பொதுத்தேர்வு ரத்து. அதனால இப்போதைய முறையில பள்ளிப் பிள்ளைக எழுதின பொதுத்தேர்வுத் தாள் 2022 மே மாசத்துல இருந்துதான் கிடைக்கும். புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன கடைகள்ல பழைய புத்தகம் வாங்கினா அட்டையில வருஷத்தைப் பாருங்க. "தாள் ஒன்று, தாள் இரண்டு"ன்னு இருந்தா அது நமக்கு ஆகாது.

வீட்டுல இடம் இல்லாத பிள்ளைகளுக்கு: புதுநத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலையில திறந்தது. ஞாயித்துக்கிழமை போய் முழுத் தாள் ஒண்ணை நேரம் வச்சு எழுதிப் பாக்கலாம். ஏசி சுகத்துல தூங்காம இருந்தா சரி.

பத்தாப்பு பி செக்‌ஷன்

எனக்கு நேரமே பத்தலை. கடைசி எட்டு மார்க் ரெண்டும் எப்பவும் அரைகுறை.

சிவப்பு மை

180 நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள். ஒரு மதிப்பெண் பகுதிக்கு 12, இரண்டு மதிப்பெண்ணுக்கு 30, ஐந்து மதிப்பெண்ணுக்கு 95, எட்டு மதிப்பெண் இரண்டுக்கும் 30. சரிபார்க்க 13 மிஞ்சும். பெரும்பாலோர் நேரத்தைத் தொலைப்பது இரண்டு மதிப்பெண் வினாவில். இரண்டு வாக்கியம் கேட்ட இடத்தில் அரைப் பக்கம். அங்கே எவ்வளவு எழுதினாலும் இரண்டுக்கு மேல் போட முடியாது.

கேள்வித்தாளை வாசிக்கத் தரும் 10 நிமிடத்தில் எந்தச் சாய்ஸ் என்று முடிவு செய்துவிடு, எழுதும்போது யோசிக்காதே. 47-ஆவது வினாவில் கேள்வியை முதலில் வாசி, பத்தியை அப்புறம். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடு. பதில் அந்த வாக்கியத்திலோ அதை ஒட்டியோ இருக்கும். பத்தியை முழுசாகப் பெயர்த்து எழுதாதே.

மேலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி. பொங்கல் லீவை ஒட்டித் திருப்புதல் தேர்வு வருது. பாலமேடு, அலங்காநல்லூர்னு ஜல்லிக்கட்டுக்குக் கிளம்பிட்டா புத்தகத்தை எடுக்கவே மாட்டான். அந்த நாளுக்கு என்ன குடுக்கிறது?

உசிலை டியூஷன்

அந்த மூணு நாளும் பெரிய வேலை எதுவும் குடுக்காதீங்கண்ணே, பண்ண மாட்டான், உங்களுக்கும் அவனுக்கும் சண்டைதான் மிச்சம். காலையில கிளம்புறதுக்கு முன்னாடி மனப்பாடச் செய்யுள் ஒண்ணு எழுதட்டும், கால் மணி நேரம். ராத்திரி வந்து தப்புப் பக்கத்துல ஒரு பக்கம். காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் முழுத் தாள்.

வாடிப்பட்டி அக்கா

ப்ளஸ் டூ பிள்ளைகளோட பெற்றோர் யாராவது வாசிச்சா: அங்கே கணக்கு வேற. எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த பத்துல வருகை, டெஸ்ட், ஒப்படைவு (அசைன்மென்ட்) எல்லாம் சேரும். ஒப்படைவை நாள் தள்ளிக் குடுத்தா அது நேரா மொத்த மார்க்குல கைவைக்கும். பத்தாப்புல இங்கிலீஷுக்கு அது இல்ல, 100-ம் எழுத்துத் தேர்வுதான்.

சிவப்பு மை

விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மதிப்பெண் வினாவுக்கு "ஏ" அல்லது "பி" என்று குறியீடு மட்டும் எழுதினால் போதாது. குறியீடும் விடையும் இரண்டும் எழுதச் சொல்லித்தான் வினாத்தாளில் இருக்கிறது. அடுத்தது வினா எண். 31-க்குப் பதில் எழுதிவிட்டு 30 என்று போட்டால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் திருத்துபவர் 30-ஆவது வினாவின் விடையைத்தான் அங்கே தேடுவார். வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலும் எண்ணை இடது ஓரத்தில் மார்ஜினுக்கு வெளியே எழுதி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கேள்வித்தாளோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.